கோயில் நோட்டீசில் தொடங்கும் சமஸ்கிருத இலக்கணம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா நெருங்கினால் ஒரு நோட்டீஸ் வரும். தலைப்பில் ‘வருடாந்த மகோற்சவ விஞ்ஞாபனம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கொடியேற்றம், ரதோற்சவம், தீர்த்தோற்சவம், சங்காபிஷேகம் என்று நாள்வாரியாகப் போகும். என்றைக்குத் தேர், என்றைக்குத் தீர்த்தம் என்று பார்த்துவிட்டு மடித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவோம். சமஸ்கிருதம் படிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அந்த நோட்டீசைத்தான்.

சின்ன வயதில் நான் படித்த முறை வேறு. பின்னேரங்களில் ஒரு வயதான ஐயரிடம் போய், திண்ணையில் சப்பாணி கட்டி இருந்து ‘ராம: ராமௌ ராமா:’ என்று பாடமாக்குவோம். ஆறு மாதத்தில் ராம சப்தத்தின், அதாவது ‘ராம’ என்ற சொல்லின், இருபத்துநான்கு உருவமும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் ‘ராமன் ஊருக்குப் போகிறான்’ என்று சமஸ்கிருதத்தில் சொல் என்றால் வாய் திறக்காது. சலித்துப்போய் விட்டுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தபடி வந்தேன். மகோற்சவம். ‘மகா’ தெரியும், ‘உற்சவம்’ தெரியும். நடுவில் இந்த ‘ஓ’ எங்கிருந்து வந்தது? வீடு வந்து சேர்வதற்குள் ரதோற்சவம், தீர்த்தோற்சவம், சூரியோதயம், அஷ்டோத்தரம் எல்லாம் அதே சங்கதிதான் என்று பிடிபட்டுவிட்டது. ஐயர் சொல்லித் தந்த குணசந்தி என்ற புணர்ச்சி விதி அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

ஆகவே இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். காதில் ஏற்கெனவே இருப்பதை முதலில் பிரிப்போம், அட்டவணை கடைசியில் வரட்டும். தேவையானவை: ஒரு அப்பியாசக் கொப்பி, பழைய நோட்டீஸ் இரண்டு மூன்று, ஒரு பஞ்சாங்கம், தினம் அரை மணித்தியாலம். சமஸ்கிருதப் புத்தகங்களில் இருக்கும் நாகரி எழுத்து இப்போதைக்கு வேண்டாம்.

எழுத்து: நடுவில் மூன்று பேருக்கு இடம் விடுங்கள்

தமிழ் மெய்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. இந்த ஐந்து சோடியும் சமஸ்கிருத வரிசையின் இரண்டு ஓரங்கள். அங்கே ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து எழுத்து. நம்மிடம் முதலாவதும் ஐந்தாவதும் இருக்கின்றன, நடுவில் உள்ள மூன்று இல்லை. தமிழ் எழுத்தில் அச்சிடும் சமஸ்கிருதப் புத்தகங்களில் அந்த மூன்றுக்கும் இலக்கம் போட்டிருப்பார்கள்: க, க², க³, க⁴, ங. அதற்குப் பிறகு ய ர ல வ, நம் வரிசையேதான். ழ ள ற ன நான்கும் சமஸ்கிருத வரிசையில் இல்லாதவை. அதனால்தான் அவை நம் நெடுங்கணக்கின் கடைசியில் போய் நிற்கின்றன. சமஸ்கிருதத்தில் அந்த இடத்தில் ச ஷ ஸ ஹ நிற்கும். ஆக மொத்தம் 33 மெய். வாய் தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிகிற ஒழுங்கு இரண்டு மொழிக்கும் ஒன்று என்பதால், புதிதாகக் கற்க வேண்டியது பதினைந்து ஒலிதான்.

அதிலும் ஐந்து புதிது இல்லை. ‘பக்கம்’ என்பதில் வரும் க முதலாவது க. ‘தங்கம்’ என்பதில் வரும் க மூன்றாவது, அதாவது க³. நாம் நாள் முழுக்க இரண்டையும் சொல்கிறோம், ஒரே எழுத்தில் எழுதுகிறோம், அவ்வளவுதான். இரண்டாவதும் நாலாவதும்தான் பழக வேண்டியவை. அவற்றுக்கு மகாபிராணம் என்று பெயர்: மூச்சு சேர்ந்து வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லுங்கள், காற்று கையில் பட்டால் சரி.

இது எதற்கு, தமிழில் எழுதினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சொல் ‘பலம்’. முதலாவது ப போட்டால் அது பழைய நிறுத்தல் அளவு. இரண்டாவது, ப²லம், பழம் அல்லது பயன். நம் சாத்திரிமார் சொல்லும் ‘பலன்’ இதிலிருந்து வந்தது. மூன்றாவது, ப³லம், வலிமை. நாலாவதை நல்ல வேளை யாரும் பயன்படுத்தவில்லை. இன்னும் ஒன்று: தமிழில் ‘பாவம்’ என்றால் செய்த பாவமும் ஆகலாம், பரதம் ஆடும் பிள்ளை முகத்தில் காட்டும் பாவமும் ஆகலாம். சமஸ்கிருதத்தில் ஒன்று பாபம், மற்றது பா⁴வம். அங்கே குழப்பமே இல்லை.

உயிரெழுத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. குறில் எகரமும் குறில் ஒகரமும் சமஸ்கிருதத்தில் கிடையாது. தேவ, லோக, எல்லாம் நெடில். இரண்டாவது, ‘ரு’வுக்கும் ‘ரி’க்கும் நடுவில் நிற்கும் ஓர் உயிரெழுத்து. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நமக்கு இன்று வரை முடிவாகவில்லை. ரிஷி என்று ‘ரி’ போடுகிறோம், கிருஷ்ணன் என்று ‘ரு’ போடுகிறோம், அமிர்தகழி என்று வெறும் ‘ர்’ போடுகிறோம். மூன்றிலும் மூலத்தில் இருப்பது ஒரே எழுத்து.

சொல்லின் கடைசியில் ‘:’ என்று இரண்டு புள்ளி வந்தால் அது விசர்க்கம். முன்னால் உள்ள உயிரை மெதுவாக எதிரொலித்து ஹகரம் சொல்ல வேண்டும். நம: என்றால் ‘நமஹ’, ஹரி: என்றால் ‘ஹரிஹி’.

அம்பாறைப் பக்கம் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வாசி இருக்கிறது. சிங்கள எழுத்தில் மகாபிராண எழுத்துகள் தனியாக உண்டு, சமஸ்கிருதத்தை இலக்கம் போடாமலே எழுதிவிடலாம். என்னிடம் வந்த ஒரு தம்பி கொப்பி முழுக்க அப்படித்தான் எழுதினான். நான் தடுக்கவில்லை. ‘புஸ்தகாலய’, ‘கார்யாலய’ என்று அவன் தினம் வாசிக்கும் பலகைகளும் பாடத்துக்குள் வந்தன.

சந்தி: இனி நோட்டீசை எடுங்கள்

பேனையால் ஒவ்வொரு நீண்ட சொல்லையும் வெட்டுங்கள். மூன்று விதி போதும், முக்கால்வாசி வெட்டிவிடலாம்.

ஒரே இன உயிர் இரண்டு சந்தித்தால் நெடிலாகும். சங்க + அபிஷேகம் = சங்காபிஷேகம். கும்ப + அபிஷேகம் = கும்பாபிஷேகம். ஜன + அதிபதி = ஜனாதிபதி. வித்யா + ஆலயம், நம் பிள்ளைகள் படிக்கும் வித்தியாலயம்.

அ அல்லது ஆ-வுக்குப் பின் இ, ஈ வந்தால் ஏ. உ, ஊ வந்தால் ஓ. கண + ஈச = கணேச. பரம + ஈஸ்வரி = பரமேஸ்வரி. மாமாங்கம் என்பதில் கடைசி ம் போய் ஈஸ்வரர் சேர்ந்தால் மாமாங்கேஸ்வரர். ரத + உற்சவம் = ரதோற்சவம். இதுதான் நான் பஸ்ஸில் கண்டுபிடித்த, சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி எனக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முன்னதாகவே எழுதிவைத்த குணசந்தி.

இ-க்குப் பின் வேறு உயிர் வந்தால் இ யகரமாகும், உ வகரமாகும். அபி + ஆஸ = அப்யாஸ; கையில் இருக்கும் அப்பியாசக் கொப்பி. பிரதி + ஏக = பிரத்யேக; பிரத்தியேக வகுப்புக்கு மாதா மாதம் காசு கட்டுகிறோம், அந்தச் சொல்லே ஒரு சந்திப் பாடம் என்று யாரும் சொல்வதில்லை. ஸு + ஆகதம் = ஸ்வாகதம்.

இந்த மூன்றையும் பழகிய பிறகு கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்குப் போங்கள். தான்தோன்றீஸ்வரர். ‘தான்தோன்றி’ நல்ல தமிழ். தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி ஈஸ்வரர் சேர்ந்தால் நடுவில் யகரம் வந்து ‘தான்தோன்றியீஸ்வரர்’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் இ + ஈ = ஈ என்ற வடமொழி விதியால் தமிழ்ச் சொல்லைப் பிணைத்துவிட்டார்கள். அந்தப் படுவான்கரைப் பகுதி மக்கள் இலக்கணம் பார்த்து வைத்த பெயர் இல்லை, நாக்கு பழகிய பழக்கத்தில் வந்தது. எனக்கு இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

விசர்க்க சந்திக்கு ஒரு சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்: நம:. ‘தே’ என்ற சொல்லுக்கு முன்னால் அது நமஸ்தே. நாராயணாய என்பதற்கு முன்னால் நமோ நாராயணாய. சிவாய என்பதற்கு முன்னால் நம: சிவாய என்று அப்படியே நிற்கலாம், அல்லது அடுத்த சகரமாகவே மாறி இரட்டிக்கலாம். மாணிக்கவாசகர் ‘நமச்சிவாய வாழ்க’ என்று பாடினாரே, அந்த ‘ச்’ இப்படி வந்ததுதான். ஒரே சொல், மூன்று வேஷம். மனோகரன் என்ற பெயரிலும் மன: + ஹர தான் ஒளிந்திருக்கிறது. மெய்யெழுத்துச் சந்திக்கு வகுப்பு இடாப்பைப் பாருங்கள்: ஜகத் + ஈச என்றால் ஜெகதீசன், ஜகத் + நாத என்றால் ஜெகன்னாதன். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வேற்றுமை: அர்ச்சனைத் தட்டோடு நின்று கேளுங்கள்

வேற்றுமை எட்டு. பயப்பட ஒன்றுமில்லை. ‘வேற்றுமை தாமே ஏழென மொழிப’ என்று தொடங்கி, ‘விளிகொள் வதன்கண் விளியோ டெட்டே’ என்று தொல்காப்பியர் முடித்த அதே எட்டு, அதே ஒழுங்கில். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வீண் போகவில்லை.

அட்டவணையில் முதலாம் வேற்றுமையில் தொடங்குவார்கள். நான் நாலாவதில் தொடங்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். நம: என்ற சொல் வந்தால் யாருக்கு வணக்கமோ அவர் பெயர் நாலாம் வேற்றுமையில் இருக்க வேண்டும் என்பது பாணினியின் விதி. ஆக, அர்ச்சனை முழுக்க நாலாம் வேற்றுமைப் பயிற்சி. சிவாய நம:. விஷ்ணவே நம:. துர்காயை நம:. ஸரஸ்வத்யை நம:.

அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: “சேர், பிள்ளையாருக்கு ஐயர் ஒருக்கா ‘கணேசாய’ என்கிறார், மறுகா ‘கணபதயே’ என்கிறார். எது சரி?”

“ரெண்டும் சரி மகள். பிள்ளையார் ஒராள்தான், சொல்தான் ரெண்டு.”

அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்தின் மையம். உருபு ஆளைப் பார்த்து வருவதில்லை, சொல் எந்த எழுத்தில் முடிகிறது, என்ன பால் என்று பார்த்து வருகிறது. அகரத்தில் முடியும் ஆண்பால் சொல்லுக்கு ‘ஆய’: கணேச, கணேசாய. இகரத்தில் முடிந்தால் ‘அயே’: கணபதி, கணபதயே, ஹரி, ஹரயே. உகரத்தில் முடிந்தால் ‘அவே’: விஷ்ணு, விஷ்ணவே, குரு, குரவே. ஆகாரத்தில் முடியும் பெண்பாலுக்கு ‘ஆயை’: துர்கா, துர்காயை, உமா, உமாயை. ஈகாரப் பெண்பாலுக்கு ‘யை’: பார்வதீ, பார்வத்யை, லக்ஷ்மீ, லக்ஷ்ம்யை. நூற்றெட்டு நாம அர்ச்சனையில் இந்த ஐந்து வாய்பாடும் திரும்பத் திரும்ப வரும். கொப்பியில் ஐந்து நிரல் கீறி, கேட்கும் பெயர்களைப் போட்டு வாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் ஐந்தும் நிரம்பிவிடும்.

அடுத்தது சங்கல்பம். பெயர் நட்சத்திரம் சொன்னதும் ஐயர் மளமளவென்று சொல்கிறாரே, அது. ‘ரோகிணீ நக்ஷத்ரே, வ்ருஷப ராசௌ ஜாதஸ்ய’: ரோகிணி நட்சத்திரத்தில், இடப ராசியில் பிறந்தவனுடைய. ‘நக்ஷத்ரே’ ஏழாம் வேற்றுமை, ‘ராசௌ’வும் ஏழாம் வேற்றுமை, ஒன்று அகரத்தில் முடிந்த சொல், மற்றது இகரத்தில் முடிந்தது, அதனால் உருவம் வேறு. ‘ஜாதஸ்ய’ ஆறாம் வேற்றுமை. பெண்ணாக இருந்தால் ‘ஜாதாயா:’ என்று மாறும். ‘மாஸே’, ‘பக்ஷே’, ‘திதௌ’, ‘வாஸரே’ எல்லாம் ஏழுதான்: மாதத்தில், பக்கத்தில், திதியில், கிழமையில். பஞ்சாங்கத்தைத் திறந்து அன்றைய நாளுக்கு நீங்களே ஒன்று சொல்லிப் பாருங்கள்.

(மண்டூர் முருகன் கோயிலில் இந்தப் பாடம் எடுபடாது. அங்கே பூசகரான கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்வார், ஒரு சத்தமும் வராது. கண்ணகி அம்மன் குளிர்த்தியும் தமிழ்ப் பாட்டுத்தான்.)

இனி ஒருமை உருவங்களை ஒரே சொல்லில் அடுக்கிப் பாருங்கள். க்ராம: ஊர். க்ராமம் ஊரை. க்ராமேண ஊரால். க்ராமாய ஊருக்கு. க்ராமாத் ஊரிலிருந்து. க்ராமஸ்ய ஊரின். க்ராமே ஊரில். ஹே க்ராம, ஊரே! மூன்றாவதில் ‘ண’ வந்தது ஏன் என்று கேட்டால் நீங்கள் கூர்மையான ஆள். முன்னால் ஒரு ரகரமோ ஷகரமோ இருந்தால், இடையில் தடுக்கிற எழுத்து இல்லாவிட்டால், பின்னால் வரும் ன மூன்று சுழியாகும். ராம + அயனம் ராமாயணம் ஆனது அப்படித்தான். உத்தராயணம் அப்படி, ஆனால் தட்சிணாயனம் இரண்டு சுழி, ஏனென்றால் நடுவில் இருக்கும் ண தடுத்துவிட்டது. பஞ்சாங்கத்தில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், சிலதில் பிழைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘கு’ வரும் இடமெல்லாம் அங்கே நாலாம் வேற்றுமை என்று நினைக்க வேண்டாம். ‘ஊருக்குப் போகிறேன்’ என்பதைப் பெரும்பாலும் ‘க்ராமம் கச்சாமி’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்வார்கள். அம்பாறையில் விடியற்காலை விகாரை ஒலிபெருக்கியில் ‘புத்தம் சரணம் கச்சாமி’ கேட்கிறதே, அது பாளி, ஆனால் அமைப்பு இதுதான்: புத்தரைச் சரணம் அடைகிறேன்.

வினை: நாம் ‘கதைக்கிற’ மொழி

இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் நம்மைக் கிண்டல் பண்ணும் சொல் ‘கதை’. அவர்கள் பேசுவார்கள், நாம் கதைப்போம். நமக்குப் ‘பேச்சு வாங்குவது’ என்றால் ஏச்சு வாங்குவது. சமஸ்கிருத வகுப்பில் இந்தச் சொல் நமக்குச் சும்மா கிடைத்த முதல். கதா என்றால் கதை. கதயதி என்றால் சொல்கிறான்.

ஆளைப் பார்த்து ஈறு மாறும். கதயாமி, நான் சொல்கிறேன். கதயஸி, நீ சொல்கிறாய். கதயதி, அவன் சொல்கிறான், அவள் சொல்கிறாள், அது சொல்கிறது. ஆம், மூன்றுக்கும் ஒன்றே. தமிழில் வினையைப் பார்த்தாலே ஆணா பெண்ணா தெரியும். அங்கே வினைமுற்றுக்குப் பால் இல்லை. கஷ்டமான மொழி என்று பெயரெடுத்ததில் நமக்குக் கிடைத்த ஒரு சலுகை.

சலுகையை உடனே திருப்பி வாங்கிக்கொள்வது எண். ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை உண்டு. பால: கதயதி, ஒரு பையன் சொல்கிறான். பாலௌ கதயத:, இரண்டு பையன்கள். பாலா: கதயந்தி, மூன்றோ அதற்கு மேலோ. வயலில் ஒரு சோடி மாடு கட்டி உழுதவர்களுக்கு இது புதுமையாக இருக்காது. கண், கை, கால், இராமலக்குமணர் எல்லாம் இருமையில்தான் போகும்.

இப்போது உங்கள் முதல் வசனம்: ‘பால: கதாம் கதயதி.’ பையன் கதை சொல்கிறான். கொஞ்சம் நீட்டுங்கள்: ‘மாதா புத்ராய கதாம் கதயதி.’ தாய் மகனுக்குக் கதை சொல்கிறாள். சொல்லுக்குச் சொல், தமிழ் ஒழுங்கிலேயே நிற்கிறது. சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது, உருபு பிடித்துக்கொள்ளும். புத்ராய என்பதில் உள்ள ‘ஆய’, சிவாய என்பதில் கேட்டதுதான்.

காலம், ஏவல், வியங்கோள் என்று வினைக்குப் பத்து வகை இருக்கிறது. நிகழ்காலமும், ‘பாஹி’, ‘ரக்ஷ’, ‘தேஹி’ என்று தோத்திரங்களில் வரும் ஏவலும் முதல் மூன்று மாதத்துக்குப் போதும்.

பால்: மனைவிக்கு மூன்று

தமிழில் பால் என்பது ஆளைப் பொறுத்தது. மனைவி பெண்பால், அதில் வாதத்துக்கு இடமில்லை. சமஸ்கிருதத்தில் பால் சொல்லைப் பொறுத்தது. மரண அறிவித்தலில் ‘அன்னாரின் பாரியார்’ என்று போடுகிறோமே, அந்த பார்யா பெண்பால். சாத்திரி ‘களத்திர தோஷம்’ என்கிறாரே, அந்த களத்ர என்ற சொல்லுக்கும் மனைவி என்றுதான் பொருள், ஆனால் அது நபும்சகம், அதாவது ஒன்றன்பால் மாதிரி. ‘முதல் தாரம்’ என்பதில் வரும் தார ஆண்பால், அதுவும் எப்போதும் பன்மை. ஒரு மனைவியைச் சொல்வதற்கு ஆண்பால் பன்மை! வகுப்பில் இதைச் சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் சிரிக்க மாட்டார்கள்.

பாலை ஊகிக்கத் தமிழே உதவும். தமிழில் ஐகாரத்தில் முடிந்தால் (கதை, மாலை, சபை, சீதை) மூலம் பெரும்பாலும் ஆகாரப் பெண்பால். ‘ன்’ என்று முடிந்தால் (தேவன், இராமன்) அகர ஆண்பால். ‘ம்’ என்று முடிந்தால்தான் ஏமாறுவோம்: புத்தகம், பலம் நபும்சகம், ஆனால் கிராமம், ரதம், மாதம் மூன்றும் அங்கே ஆண்பால். அதனால் புதுச் சொல்லை எழுதும்போது பக்கத்தில் பாலையும் எழுதி வையுங்கள்.

பொருளிலும் ஏமாறலாம். சிட்சை என்றால் நமக்குத் தண்டனை; சிக்ஷா என்றால் அங்கே கல்வி. எங்கள் கால வாத்தியார்மாரிடம் இரண்டும் ஒன்றுதான், அது வேறு விஷயம். உத்தியோகம் அங்கே முயற்சி. சம்சாரம் அங்கே மனைவி அல்ல, பிறவிச் சுழல்.

தொகை: பல நெல் உடையவன்

சொற்களைச் சேர்த்துக் கட்டுவது சமாசம். நம் தொகைநிலைத் தொடர்தான். வேற்றுமைத்தொகை அங்கே தத்புருஷம்: கிராம சேவகர் என்றால் கிராமத்தின் சேவகர், ஆறாம் வேற்றுமை தொக்கது. உம்மைத்தொகை துவந்துவம். எண்ணில் தொடங்கினால் துவிகு, நவராத்திரி மாதிரி. ‘யதாசக்தி’ போல முன்சொல்லின் ஆட்சியில் நிற்பது அவ்யயீபாவம்.

சுவையானது அன்மொழித்தொகை. அதன் வடமொழிப் பெயர் பஹுவ்ரீஹி. பஹு என்றால் பல, வ்ரீஹி என்றால் நெல். பல நெல் உடையவன், அதாவது அம்பாறையில் பத்துப் பதினைந்து ஏக்கர் வயல் வைத்திருப்பவர். பெயரே அதன் உதாரணம். 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் இதைத் தமிழில் ‘பலநெல்’ என்றே சொல்லிவிட்டது. தொந்தி தொங்குபவர் லம்போதரர்: லம்ப + உதர, குணசந்தியும் பஹுவ்ரீஹியும் ஒரே சொல்லில். ஆறு முகம் உடையவர் ஷண்முகர்.

நம் ஊருக்குள்ளேயே நல்ல உதாரணம் ஒருவரிடம் இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் இயற்பெயர் மயில்வாகனம். மயிலை வாகனமாக உடையவன் என்று முருகனைக் குறிக்கும் பஹுவ்ரீஹி, பாதி தமிழ் பாதி வடமொழி. துறவறத்தில் கிடைத்த பெயர் விபுல + ஆனந்த, விரிந்த ஆனந்தம்; நாம் முதலில் பார்த்த நெடிலாகும் விதிதான், அதற்குச் சவர்ண தீர்க்க சந்தி என்று பெயர். அவர் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பெயரை எத்தனை இடத்தில் வெட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

தொகையைப் பிழையாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று துவஷ்டா யாகம் செய்து ‘இந்திரசத்ரு வளர்க’ என்றாராம். இந்திரனைக் கொல்லும் சத்ரு என்று தத்புருஷமாக நினைத்தார். ஆனால் உச்சரிப்பின் சுரம் மாறி விழுந்துவிட்டது, தன்னைக் கொல்லும் சத்ருவாக இந்திரனை உடையவன் என்று பஹுவ்ரீஹி ஆகி, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே செத்தான்.

இப்போது அட்டவணை

இவ்வளவும் பழக ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு ராம சப்தத்தை எடுங்கள். இருபத்துநான்கு கட்டம் என்று பயமுறுத்துவார்கள். எண்ணிப் பார்த்தால் வேறுவேறு உருவம் பதினேழுதான். இருமையில் எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்து மூன்றே சொல்: ராமௌ, ராமாப்யாம், ராமயோ:. ஒருமை எட்டையும் ‘க்ராம’ சொல்லில் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். மிச்சம் பன்மை ஆறு. ஐயரின் திண்ணையில் ஆறு மாதம் எடுத்ததை இப்போது பிள்ளைகள் இரண்டு வாரத்தில் முடிக்கிறார்கள். ராமவுக்கு அடுத்து ஹரி, குரு, பிறகு சீதா, நதீ, கடைசியில் ‘ப²ல’ (பழம்). இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

நாகரி எழுத்தையும் இந்தக் கட்டத்தில் தொடங்கலாம். பத்துப் பதினைந்து நாள் வேலை, ஏனென்றால் ஒலிகள் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், படம்தான் புதிது. நல்ல அகராதிகள் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன.

பாணினியின் அட்டாத்தியாயியை நேரே வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எட்டு அத்தியாயம், ஏறத்தாழ 4000 சூத்திரம். அது மொழி தெரிந்தவர்களுக்கு எழுதிய நூல், மொழி கற்பிக்க எழுதியது அல்ல. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் 14 மாகேசுவர சூத்திரத்தை மட்டும் இப்போதே பாடமாக்கலாம்: ‘அ இ உ ண், ரு லு க், ஏ ஓ ங், ஐ ஔ ச்’ என்று போகும். நடராசர் ஆடி முடிக்கும்போது உடுக்கை ஒன்பதும் ஐந்துமாக ஒலித்தது என்பார்கள், அந்தப் பதினான்கு. சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் தட்டிச் சொல்லக் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

சந்தேகம் வந்தால் உங்கள் கோயில் ஐயரையே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பூசைக்கு நடுவில் கேட்காதீர்கள். நடை சாத்தி, கூட்டம் போய், அவர் மடப்பள்ளிப் பக்கம் வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கும்போது கொப்பியோடு போங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சொந்தப் பெயருக்கு நாலாம் வேற்றுமை என்ன?